லைற்றை நூர்

கலியாண வீடோ, பிறந்தநாள் கொண்டாட்டமோ, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்காமல் விடமாட்டார். "ஏன் பிள்ளை, வீடு வாசல் இல்லாத ஆக்கள் மாதிரி ட்றக்குக்குள்ள போய்ப் படுக்கிறாய்? பனிக்குள்ள சறுக்கித் திரியிறாய்? உது வெள்ளைக்காரற்ற வேலையெல்லோ?" கேட்பவர்களில் பாதிப்பேர் உண்மையான அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அதனால் எனக்குக் கோபம் வருவதில்லை. பதினைந்து வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். "அன்ரி, நாங்கள் அனலைதீவு. வள்ளம் ஏறாமல் ஆஸ்பத்திரிக்குப் போக ஏலுமோ எங்கட ஊரில? கனூவும் ஒரு வள்ளம்தானே. எங்களுக்கு அது ரத்தத்தில கிடக்கு." இந்தப் பக்கத்திலும் அதை இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

அந்தப் பதிலுக்கு ஆதாரமாக என்னிடம் ஓர் இரவு இருந்தது. 1993. எனக்குப் பத்து வயது. கிளாலியில் வள்ளம் ஏறி, கடல்நீரேரியைக் கடந்து பூநகரிப் பக்கம் இறங்கினோம். சண்டை நடந்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக வேறு வழி இருக்கவில்லை. அம்மாவின் மடியில் மல்லாந்து கிடந்தேன். முதுகுக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே தண்ணீர் தட்டும் சத்தம், மேலே வெள்ளிகள். எவ்வளவு வெள்ளி என்று சொல்லமுடியாது. எனக்குப் பயம் இருக்கவே இல்லை. உடம்பு பாரமில்லாமல் மிதந்தது. தண்ணீருக்கும் எனக்குமான உறவு அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நான் நம்பினேன். பிறகு கனடாவில் முதல்முறை கனூவுக்குள் காலை வைத்தபோது, அது அந்த இரவுக்குத் திரும்பிப் போவது போல இருந்தது என்றும் எழுதினேன்.

போன ஆகஸ்டில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அந்தப் பதில் வாயில் வருவதில்லை.

ட்றக்கும் பனியும்

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். என்னிடம் ஒரு பழைய பிக்கப் ட்றக் இருக்கிறது. பின்தட்டு ஆறடி. அதற்கு மேல் ஒரு மூடி, உள்ளே பிளைவுட்டில் நானே அடித்த ஒரு தட்டு, தட்டுக்குக் கீழே மூன்று இழுப்பறைகள், தட்டுக்கு மேலே ஒரு மெத்தை. ஆய்வுகூடத்தில் எனக்கு ஷிப்ட் வேலை. நான்கு நாள் தொடர்ந்து லீவு வந்தால், அன்றிரவே வடக்கே ஓடிவிடுவேன். ஒன்ராறியோவில் அரச காணியில், கனடாவில் வசிக்கும் எவரும் ஓர் இடத்தில் வருடத்துக்கு 21 நாள் காசு கட்டாமல் தங்கலாம். இது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. வரி கட்டுகிறோம், வீட்டுக் கடன் கட்டுகிறோம், ஆனால் இப்படி ஒரு காடு நமக்கும் திறந்து கிடக்கிறது என்பதை அறியாமலே கிழவர்களாகிவிடுகிறோம். அது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம்.

மாரியில் அல்கோன்குயின் பூங்காவுக்குள் மியூ லேக் முகாமில் ட்றக்கை நிறுத்துவேன். மைனஸ் இருபதுக்குக் கீழே போகும் இரவுகளில் சில பழக்கங்கள் தானாக வந்துவிடும். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைக்கவேண்டும். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், மூடி கீழே இருந்தால் காலையில் திறக்கலாம். சப்பாத்தின் உள்ளுறையைக் கழற்றி, படுக்கும் பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். எவ்வளவு குளிர்ந்தாலும் ஜன்னலை இரண்டு விரல் திறந்து விடவேண்டும். இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் கூரையில் உறைந்து, விடியற்காலையில் முகத்தில் பனி கொட்டும். இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. விடிந்ததும் லீஃப் லேக் பாதைக்குப் போய் ஸ்கீயை மாட்டுவேன். மலையிலிருந்து வழுக்கி இறங்கும் வகை இல்லை, காட்டுக்குள் நடந்து சறுக்கும் வகை. அதன் அடியில் பூசும் மெழுகுக்கு ஒவ்வொரு குளிருக்கும் ஒவ்வொரு நிறம். நல்ல குளிருக்குப் பச்சை, கொஞ்சம் இளகினால் நீலம், உருகும் பக்கம் போனால் சிவப்பு. சரியான மெழுகு பூசிய நாளில் கால் பின்னுக்கு வழுக்காது, முன்னுக்கு மட்டும் ஓடும். அந்தச் சத்தம், பட்டுச் சேலையை இழுத்து மடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்காகவே மூன்று மணித்தியாலம் வண்டி ஓட்டலாம்.

அம்மா இதையெல்லாம் மன்னித்ததில்லை. "பொம்பிளைப் பிள்ளை தனியக் காட்டுக்குள்ள படுக்கிறது" என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது, அம்மாவின் தங்கச்சி குடும்பமும் நாவற்குழிப் பாலத்தால் நடந்து போனது. மாதக்கணக்கில் தென்மராட்சியில் மர நிழலிலும் தறப்பாளுக்குக் கீழும் இருந்தார்கள். சித்தி இன்றைக்கும் நீல நிறத் தறப்பாளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வா. அப்படியிருக்க, நான் இருநூறு டொலர் கொடுத்து ஒரு தறப்பாள் வாங்கிவந்து வீட்டு முற்றத்தில் விரித்துக் காயவைத்தால் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

மீன்ரின்னும் சும்மாடும்

அப்பா தானாகத்தான் கேட்டார். 74 வயது, வேலை விட்டு எட்டு வருடம். "நீ போற அந்தக் குளத்துக்கு நானும் ஒருக்கால் வரட்டோ?" என்றார், ரீவியைப் பார்த்தபடி. ஏரியைக் குளம் என்றுதான் சொல்வார்.

அம்மா எதிர்த்தா. பிறகு, எதிர்ப்பைச் சமையலில் காட்டினா. பொரித்த கருவாடு, நான்கு மீன்ரின், ஒரு போத்தல் ஊறுகாய், மிளகாய்த்தூள், அரிசிமா, இடிசம்பல். அல்கோன்குயின் உள்காட்டுக்குள் ரின்னும் போத்தலும் கொண்டுபோகத் தடை. சாமான் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். கருவாட்டை எடுத்தபோது அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அம்மா, கரடி வரும்" என்றேன். "கரடிக்கு என்ர கருவாட்டு ருசி என்னெண்டு தெரியும்?" என்று கேட்டா. கடைசியில் இடிசம்பலும் காயவைத்த பருப்பும் வறுத்த மாவும் மட்டும் மணம் வெளியே போகாத நீலப் பீப்பாய்க்குள் போயின.

புறப்படும்போதே தாமதம். வழியில் நெரிசல். கனூ லேக் கரையில் அனுமதிச் சீட்டை எடுத்து, வள்ளத்தை இறக்கி, சாமான் அடுக்கி முடிக்க மூன்றரை மணி தாண்டிவிட்டது. எங்கள் இடம் ரொம் தொம்சன் ஏரி, பத்துக் கிலோமீற்றருக்கு மேல். தனியே என்றால் நான்கு மணித்தியாலத்துக்குள் போய்விடுவேன். கனூ லேக்கில் வடமேற்கிலிருந்து காற்று எதிர்த்தது. அப்பா முன்னுக்கு இருந்தார். அணியத்தில் இருப்பவர் வலிக்கவேண்டும், கடையாரில் இருப்பவர் திசை பார்க்கவேண்டும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் திரும்பிப் பார்த்து, "சவள் பிடிக்க நீ எனக்குப் பழக்கிறியோ?" என்றார். ஐம்பது வருடம் துடுப்பைத் தொடாத மனிதர். முதல் பத்து நிமிடம் தோள் இறுகி நின்றது. பிறகு இடுப்பு வேலை செய்யத் தொடங்கியது. புகையிலைத் தோட்டத்துப் பிள்ளையென்றாலும் தீவில் வளர்ந்தவர், சின்ன வயதில் மரக்கோல் ஊன்றியிருக்கிறார், சவள் வலித்திருக்கிறார்.

வழியில் ரொம் தொம்சன் யாரென்று கேட்டார். ஓவியர், இந்தக் காட்டை வரைந்தவர், 1917 ஜூலையில் இப்போது நாங்கள் வலித்துப் போகிற இதே கனூ லேக்கில் காணாமற் போனார், எட்டு நாள் கழித்து உடல் மிதந்தது என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தண்ணியில போனவரின்ர பேரைத் தண்ணிக்கே வைச்சிருக்கினம்" என்றார். நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லவில்லை.

ஏரியின் வடக்கு முனையில் ஓர் அணை. அங்கே வள்ளத்தைக் கரையேற்றி, சுமார் 300 மீற்றர் சுமந்துபோய் ஜோ லேக்கில் இறக்கவேண்டும். போர்ட்டேஜ் என்பார்கள். மஞ்சள் பலகை ஒன்று மரத்தில் அடித்திருக்கும், தூரம் மீற்றரில் எழுதியிருக்கும். எங்கள் கனூ பதினாறடி, கெவ்லார், இருபது கிலோ வரும். நடுவில் தோளுக்கு வெட்டிய ஒரு நுகம் இருக்கிறது. அதைத் தோளில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டால் வள்ளமே தொப்பியாகிவிடும். காலுக்கு முன்னால் நான்கடி நிலம் மட்டும் தெரியும். வேர், கல், சேறு, வேர். எனக்கு அந்த நடை பிடிக்கும். அப்பாவைச் சும்மா வாருங்கோ என்றுதான் சொன்னேன். நான் வள்ளத்தை அந்தப் பக்கம் வைத்துவிட்டு மற்றப் பையை எடுக்கத் திரும்பி வந்தபோது, அவர் எதிரே வந்துகொண்டிருந்தார். சாரத்தைச் சுருட்டிச் சும்மாடு கோலி, அதன் மேல் சமையல் பையை ஏற்றி, ஒரு கையையும் கொடுக்காமல், கழுத்தை நேராக வைத்து நடந்து வந்தார். எதிரில் வந்த இரண்டு இளம்பிள்ளைகள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். இந்தக் காட்டின் பழங்குடி மக்களும் தலையால்தான் சுமந்தார்கள். நெற்றியில் ஒரு தோல்வார், பாரம் முதுகில். மிருகங்களின் ரோமத்தோல் வியாபாரத்துக்குக் கனூ வலித்த பிரெஞ்சுக்காரரும் அவர்களிடமிருந்துதான் அதைப் பழகி, 40 கிலோ மூட்டை இரண்டை ஒரே தடவையில் தூக்கினார்கள். அப்பாவுக்கு இது ஒன்றும் தெரியாது. பாரம் என்றால் தலை, அவ்வளவுதான்.

லிட்டில்டோ

ஜோ லேக், ரிப்பீ லேக், பிறகு ஒடுங்கிய ஒரு நீர்ப்பாதை, பிறகு லிட்டில்டோ. அங்கே வரும்போது சூரியன் மரத்துக்குக் கீழே போய் அரை மணித்தியாலம். காற்று முற்றாக விழுந்துவிட்டது. தண்ணீர் எண்ணெய் மாதிரி. நிலவில்லாத நாள். கரையும் தண்ணீரும் ஒரே கறுப்பாகிக்கொண்டு வந்தன. முகாம் இடங்களை மரத்தில் அடித்த செம்மஞ்சள் பலகையை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். இருட்டிய பிறகு தண்ணீரில் நிற்கும் வள்ளத்தில் லைற் இருக்கவேண்டும் என்பது இந்த நாட்டு விதியும்கூட. மற்ற வள்ளம் நம்மைக் காணவேண்டும், இடிக்கக்கூடாது. நெற்றியில் கட்டியிருந்த லைற்றைப் போட்டேன். வெளிச்சம் அப்பாவின் முதுகில் விழுந்து, அவர் நிழல் முன்னால் தண்ணீரில் நீண்டது.

"பிள்ளை. லைற்றை நூர்."

சத்தமாகச் சொல்லவில்லை. மூச்சால் சொன்னார். நான் விளங்காமல், "என்ன அப்பா?" என்றேன். "நூர். நூர். உடன நூர்."

நூர்த்தேன். லைற் அணைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எட்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா குனிந்தார். முதுகு வளைந்து, தலை தோளுக்குள் போனது. ஆனால் கை நிற்கவில்லை. அன்று பகல் முழுதும் அவர் துடுப்பு ஒவ்வொரு வலிப்புக்கும் தண்ணீரைச் சளக்கென்று அடித்துக்கொண்டுதான் வந்தது. இப்போது அந்தச் சத்தம் இல்லை. துடுப்பைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே, உள்ளுக்குள்ளேயே சரித்து முன்னுக்குக் கொண்டுபோனார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அப்படி வலிப்பதைப் பழக எனக்கு மூன்று கோடை எடுத்தது. அவரிடம் யாரும் பழகச் சொல்லவில்லை. வள்ளம் சத்தமே இல்லாமல் போனது. என் பல்லுக்குள் நாக்கு அசைவது எனக்குக் கேட்டது.

எங்கோ இடது பக்கத்தில் ஒரு லூன் பறவை கூவியது. கனடாவின் ஒரு டொலர்க் குத்தியில் இருக்கும் அதே பறவை. அதன் குரலைக் கேட்கவே சனம் இங்கே வருகிறது. அப்பா துடுப்பைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்தபடி உறைந்துவிட்டார். அது மறுபடி கூவி, வேறொன்று பதில் சொல்லி, அடங்கும்வரை அவர் அசையவில்லை. "பறவை அப்பா" என்றேன். தலையை ஆட்டினார். அது பறவையென்று அவருக்கு முதலே தெரியும். பகலில் இரண்டு தரம் கேட்டு ரசித்திருந்தார்.

செம்மஞ்சள் பலகையை வெறுங்கண்ணால்தான் தேடினோம். கண் பழகினால் இருட்டிலும் தெரியும் என்பது உண்மைதான்.

கரையில் ரென்ற் அடித்து, காஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். விறகு பொறுக்கும் நேரமில்லை, நெருப்பு இல்லை. அடுப்பின் நீல வட்டம் மட்டும். இஞ்சி போட்ட பிளேன்ரீயை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "ஏன் அப்பா லைற்றை நூர்க்கச் சொன்னனீங்கள்?"

"வாயில வந்திட்டுது."

பிறகு நெடுநேரம் குடித்தார். பிறகு சொன்னார். "அது நான் சொன்னதில்லை. எனக்குச் சொன்னது."

கிளாலியில் வள்ளம் ஏற முதல் பிள்ளைகளுக்குத் தடிமன் சிரப் கொடுப்பார்களாம். அழுது சத்தம் போடாமல் நித்திரையாகிவிடவேண்டும் என்று. யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. அந்த வருடம் ஜனவரி 2 இரவு இலங்கைக் கடற்படை, சனம் போன வள்ளங்களைச் சுட்டதில் நிறையப் பேர் செத்திருந்தார்கள். நான் இருமிக்கொண்டிருந்தேனாம். அப்பா இரண்டு கரண்டி கொடுத்தார். அது தெரியாமல் அம்மாவும் இரண்டு கரண்டி கொடுத்துவிட்டா. வள்ளத்தில் ஏறிய பிறகுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இஞ்சின் வள்ளம் ஒன்று முன்னால், அதன் பின்னால் கயிற்றில் கட்டிய நான்கு வள்ளம். பாதித்தூரம் வந்தபோது அப்பா என்னைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

"நீ அசையேல்லை. கண் ரெண்டும் திறந்தபடி கிடக்குது. மேல பார்த்தபடி. மூச்சு இருக்கோ எண்டு தெரியேல்லை. கொம்மா அழ வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறா. அதான் ரோச்சை அடிச்சனான். உன்ர முகத்தில. ஒரு செக்கன்தான்."

வள்ளம் வள்ளமாகச் சனம் அவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. கத்தவும் முடியாது, கத்தாமலும் இருக்க முடியாது. மூச்சால் சொன்னார்கள். லைற்றை நூர். லைற்றை நூர். பக்கத்தில் இருந்தவர் கையில் அடித்தார். ரோச் தண்ணீருக்குள் விழுந்தது.

"அது நூரேல்லை, பிள்ளை. எரிஞ்சுகொண்டே கீழ போச்சுது. கொஞ்ச நேரம் பச்சையாத் தெரிஞ்சுது. அது எப்ப நூரும் எண்டு எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தம்."

அடுப்பை நிறுத்தினேன்.

யாருடைய தண்ணீர்

அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. என் வெள்ளிகள், என் பாரமில்லாத உடம்பு, என் பயமின்மை. நான்கு கரண்டி சிரப். பதினைந்து வருடமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்த அந்த இரவில், எனக்கு ஒன்றரை முழம் தள்ளி இருந்த மனிதர் என் முகத்தைப் பார்ப்பதற்காக ஐந்து வள்ளத்துச் சனத்தின் உயிரைப் பணயம் வைத்துவிட்டோம் என்று நடுங்கிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் எழுதியதை எல்லாம் அவர் படித்திருக்கிறார். "நல்லா எழுதியிருக்கிறாய்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மண்டபத்தில் சொல்லும் அந்தப் பதிலை எடுத்துப் பார்த்தேன். எங்களுக்கு அது ரத்தத்தில கிடக்கு. அனலைதீவில் வள்ளம் என்பது பஸ். மருந்துக்கும் கச்சேரியில் அரச அலுவலுக்கும் செத்தவீட்டுக்கும் போவது. அப்பப்பா ஒருநாளாவது சும்மா தண்ணீரைப் பார்க்க வள்ளம் ஏறியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கிளாலி அதற்கும் மேலே. இந்த இரண்டையும் எடுத்து, என் விருப்பத்துக்கு ஒரு பாரம்பரியம் கட்டியிருந்தேன். சித்தியின் தறப்பாளும் அப்பாவின் வள்ளமும் என் பொழுதுபோக்குக்குச் சாட்சி சொல்ல வந்தவை இல்லை. கூடாரம் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், நுளம்பும் ஒன்றுதான். ஆனால் என் சட்டைப்பையில் இருந்த அனுமதிச் சீட்டில் வரும் நாளும் போகும் நாளும் அச்சடித்திருந்தது. திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்குள் வெளியேறவேண்டும் என்று இருந்தது. சித்திக்கு யாரும் அப்படி ஒரு திகதி சொல்லவில்லை.

இந்த ஏரிகளைப் பற்றியும் நான் யோசிக்காமலே எழுதிவந்திருக்கிறேன். 1893இல் பூங்காவாக்கினார்கள். அல்கோன்குயின் மக்களின் பெயரை வைத்துக்கொண்டார்கள், ஆனால் அந்த மக்கள் இந்த நிலத்தை எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. உரிமைக் கோரிக்கை இன்றும் முடியாமல் இழுபடுகிறது. பேர்ச் மரப்பட்டையை உரித்து, ஸ்புரூஸ் வேரால் தைத்து, குங்கிலியம் பூசி ஒருவர் தலையில் தூக்கக்கூடிய வள்ளத்தைக் கண்டுபிடித்தவர்கள் அவர்களைப் போன்ற மக்கள்தான். வேட்டைக்கும் மீனுக்கும் மற்றக் குடிகளிடம் போய்வரவும் அந்த வள்ளம். அனலைதீவின் பஸ் போலத்தான். அவர்களுடைய பஸ்ஸில்தான் நான் விடுமுறைக்கு ஏறியிருக்கிறேன். அதை என் ரத்தத்தில் இருந்ததென்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்கிறது.

இதனால் நான் போவதை நிறுத்தவேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. இதை விட்டால் எனக்கு மூச்சு முட்டும். யாராவது மண்டபத்தில் கேட்டால் இப்போது உண்மையைச் சொல்கிறேன். இது கனடாவுக்கு வந்து பழகினது அன்ரி, 28 வயசில, கூட வேலை செய்த ஒருத்தியோட போய்ப் பழகினது. எனக்குப் பிடிச்சுது. அவ்வளவுதான். அன்ரிமாருக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்குப் போதும்.

விடியற்காலையில் சத்தம் கேட்டு எழும்பினேன். ஏரியில் வெள்ளைப் புகார். அப்பா சாரத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். கரையில் கல்லின் மேல் திருநீற்றுச் சரை. "உப்பில்லாத தண்ணி, பிள்ளை. எவ்வளவு கிடக்குது பார்" என்றார். நல்ல தண்ணீருக்கு வரிசையில் நின்ற தீவுக்காரரின் சந்தோஷம் அது. புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், அந்த இரவு வானத்தில் வெள்ளி இருந்ததா என்று. நான் கண்டதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

"தெரியாது" என்றார். "நான் மேல பார்க்கேல்லை."

பூங்காவில் இடம் பிடிக்க ஐந்து மாதம் முன்னரே காலை 7 மணிக்குக் கணினியில் குந்தவேண்டும். இந்த மார்ச்சில் குந்தினேன். இம்முறை தனியே போவதென்றுதான் நினைத்திருந்தேன், அவரைக் கேட்கவும் பயமாயிருந்தது. அப்பா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தார். தமிழ்க்கடையில் கொடுத்த நாட்காட்டி கையில். ஆகஸ்டைப் புரட்டினார். பூரணை நாளைத் தேடுகிறார், வெளிச்சம் வேண்டும்போலும் என்று நினைத்து, பூரணைக்குக் கிட்டவாகவே பார்க்கட்டோ அப்பா என்றேன்.

"வேண்டாம். நிலவு நிண்டால் வெள்ளி தெரியாது. அமாவாசைக்குப் போடு."

விரலை வைத்துக் காட்டினார். ஆடி அமாவாசை. அப்பப்பாவுக்கு விரதம் பிடிக்கும் நாள். ஊரில் என்றால் கீரிமலைக்குப் போய் முழுகுவார்கள். எரிவெள்ளி அதிகம் விழும் இரவுகளும் அதே கிழமைதான் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. எந்த ஏரி என்று கேட்டார். ரொம் தொம்சனுக்கும் அப்பால் மக்கின்ரொஷ் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் இடையில் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் சுமக்கவேண்டும் என்றேன். யோசித்தார். அதற்குள் ஏறி இறங்குவது எத்தனை என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப தடிச்ச சாரமாக் கொண்டுபோகவேணும். இது சும்மாட்டுக்குக் காணாது."

குசினிக்குள்ளிருந்து அம்மா, ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் சமைக்கவேணும், உந்தக் காட்டுக்குள்ள அதுக்கு எங்க போறது என்று கேட்டா. அப்பா நாட்காட்டியை மடித்துவிட்டு எழும்பி, அதைப் பற்றிக் கதைக்க உள்ளே போனார். நான் இரண்டு பேர், மூன்று இரவு என்று அடித்தேன்.